வேர்ஜீனியா அப்கார் அம்மையார்

வீட்டிலே பிள்ளைப்பேறு நிகழ்ந்த காலத்தில், அறைக்கு வெளியே காத்துநின்ற முதியோர் மருத்துவிச்சியை நோக்கி முதலிற் கேட்டது பிள்ளை அழுததா என்பதே. ஆணா, பெண்ணா என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழும். அவ்வழுகையில் உயிரின் வருகையை அவர்கள் அறிந்திருந்தனர். அழாத பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டுதலும் முகத்தில் நீர் தெளித்தலும் அன்றைய முறைகள். மேனாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலைமை இதனிலும் பெரிதும் மேம்பட்டதாக இருக்கவில்லை என்றாற் பலர் வியப்பர். பிறந்த சிசுவை ஒழுங்காக உற்றுநோக்கி, அதன் நிலையை எண்ணில் எழுதிவைக்கும் வழக்கத்தை உலகுக்குத் தந்தவர் ஒரு பெண்மணி. அவர் குழந்தை வைத்தியருமல்லர், பேறுகால வைத்தியருமல்லர், தாய்மாருக்கு நோவு தெரியாதிருக்க மயக்கமருந்து கொடுத்த வைத்தியர். தாயின் நோவை ஆற்றும் மருந்து சேய்க்குத் தீங்கு செய்கின்றதா என்ற வினாவே அவரை அவ்வழியிற் செலுத்தியது. எம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியத்துறை புகுந்தோர் பிள்ளை பிறக்குந்தோறும் ஏட்டில் எழுதும் பெயர் அவருடையது. ஆயினும், அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதையே அறியாதாரும் உளர்.

அம்மையாரின் வரலாற்றினுட் புகுமுன், அவ்வினாவின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஸ்கொத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிலே யேம்ஸ் யங் சிம்சன் என்னும் பேராசிரியர் 1847ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஈதர் என்னும் மருந்தையும், அவ்வாண்டு நவம்பரிற் குளோரபோமையும் பிரசவ வேதனைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். வேதனை இறைவன் விதித்தது, அதனை நீக்குதல் தகாது எனச் சிலர் கூறினர். வேதனை இயற்கையின் ஓர் அங்கம், அதனை நீக்கினாற் பிரசவம் தடைப்படும் என வைத்தியர் பலர் அஞ்சினர். 1853ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் விக்டோரியா மகாராணியார் லியோப்போல்ட் இளவரசரை ஈன்றபோது, யோன் சினோ என்னும் வைத்தியர் கைக்குட்டையிலே குளோரபோமைச் சிறிது சிறிதாக வார்த்து அரசியாரை முகரச் செய்தார். அரசியாரே ஏற்றுக்கொண்டபின் ஊரார் வாய் ஒருவாறு அடங்கிற்று.

தாயைப் பற்றிய வழக்கு இவ்வாறு முடிந்ததேயன்றிச் சேயைப் பற்றிய வழக்கு முடியவில்லை. அமெரிக்க நாட்டிலே பொஸ்ரன் நகரத்து வைத்தியரான வால்ரர் சானிங் என்பார், வெட்டிய கொப்பூழ்க்கொடியை முகர்ந்து பார்த்து, ஈதரின் மணம் அதில் இல்லாமையால் மருந்து பிள்ளையைச் சென்றடையவில்லை என நம்பினார். மூக்கை நம்பி முடிபு கூறிய காலம் அது! 1870களிலே ஸ்திராஸ்பேர்க்கிற் பணிபுரிந்த சுவைபெல் என்னும் வைத்தியர், தாய் முகர்ந்த குளோரபோம் பிள்ளையின் உடலிலும் புகுகின்றது என்பதை இரசாயனப் பரிசோதனையாற் காட்டினார். தாய்க்குக் கொடுப்பது சேய்க்கும் போகின்றது என்பது அன்றே தெளிவாயிற்று. போனபின் அது செய்வது யாது என்பதைத்தான் எவரும் முறையாக அளந்திலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியின் பிரைபேர்க் நகரிலிருந்து அந்தித் துயில் என்னும் முறையொன்று பரவிற்று. மோர்பீனையும் ஸ்கொப்பொலமீனையும் ஊசி மூலம் ஏற்றுவது அம்முறை. தாய் நோவின்றி இருந்தாள் என்பதிலும், பட்ட நோவை மறந்தாள் என்பதே பொருந்தும். 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்க மாதர் அம்முறை தமக்கும் வேண்டுமெனக் கிளர்ச்சி செய்தனர். பிள்ளைகளோ பலவேளைகளில் மயங்கிய நிலையிற் பிறந்து, மூச்செடுக்கத் தாமதித்தன. மருந்தைப் புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் தத்தம் கண்டதையே பேசினர். பொது அளவுகோல் ஒன்று இல்லாதவிடத்து வாதம் எங்ஙனம் முடியும்?

அவ்வளவுகோலைத் தரவிருந்த வேர்ஜீனியா அப்கார் 1909ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி, அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்து வெஸ்ற்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாள்ஸ் அப்கார் வணிகத்துறையிலே தொழில் பார்த்தவர். வீட்டிலோ வானநூலிலும் கம்பியில்லாத் தந்தியிலும் காலங் கழிப்பவர். 1915ஆம் ஆண்டிலே, ஜேர்மனியரின் ஒலிபரப்பு நிலையமொன்றிலிருந்து வந்த ஒலிகளைத் தம் வீட்டில் அமைத்த கருவியாற் பதிவுசெய்து, அவற்றுள் மறைசெய்திகள் செல்லுதலை அமெரிக்க அரசினர் அறிய உதவினார். எதனையும் ஊகித்து அமைதலின்றிப் பதிந்து பார்த்து அறியும் இயல்பு மகளுக்கு அவ்வழி வந்ததெனக் கொள்ளலாம். அவ்வீட்டிலே நோயும் குடியிருந்தது. மூத்த தமையன் பாலப்பருவத்திலேயே காசநோயால் மாண்டான். மற்றத் தமையன் ஓயாத தோல்நோயால் வருந்தினான். வைத்தியராதல் வேண்டும் என்னும் எண்ணம் பெண்ணுக்கு இளமையிலேயே உண்டாயிற்று. இசை அக்குடும்பத்தாருக்கு உணவுபோல்வது. வேர்ஜீனியாவும் சிறு வயதிலேயே வயலின் பயின்றார்.

மசாசுசெற்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹோலியோக் என்னும் பெண்கள் கல்லூரியில் விலங்கியலைச் சிறப்பாகக் கற்று 1929இற் பட்டம் பெற்றார். படிப்புச் செலவுக்காக அவர் ஏற்ற வேலைகள் பல. ஆய்வுகூடத்துக்கு வேண்டிய பூனைகளைப் பிடித்துக் கொடுத்தலும் அவற்றுள் ஒன்று. இவற்றுக்கிடையே கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதினார், நாடகம் நடித்தார், விளையாட்டுக் குழுக்கள் பலவற்றிற் பங்குகொண்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் நியூ யோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்து வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். தொண்ணூறு பேர் கொண்ட வகுப்பிற் பெண்கள் ஒன்பதின்மரே.

இக்கல்லூரி யாழ்ப்பாணத்தார்க்கு முற்றும் அந்நியமானதன்று. சிம்சன் குளோரபோமைக் கையாண்ட அதே 1847ஆம் ஆண்டிலே இங்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்குத்தர் சாமுவேல் கிறீன் அவர்கள், 1845இல் அக்கல்லூரியிலேதான் தேறியவர். அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்த நூல்களுட் பிரசவ வைத்தியம் பற்றியதும் ஒன்று. சமயத்தால் வேறுபட்டோமாயினும், தமிழில் விஞ்ஞானம் எழுத முயல்வோர் அவருக்குக் கடமைப்பட்டவர்களே. இது நிற்க.

அப்கார் கல்லூரி புகுந்த மறு மாதமே அமெரிக்காவின் பங்குச்சந்தை சரிந்து, நாடு முழுவதும் பெரும் பணமுடை வந்தது. கடன்பட்டே படித்தார். 1933இல் வகுப்பில் நான்காவதாகத் தேறியபோது அவர்மீதிருந்த கடன் ஏறக்குறைய 4,000 டொலர். சத்திரவைத்தியராதல் அவர் ஆசை. அதற்கான பயிற்சியையும் தொடங்கி, கைத்திறன் மிக்கவரெனப் பெயர் பெற்றார். ஆனால், சத்திரவைத்தியத் துறைத் தலைவர் அலன் விப்பிள் அவரை அழைத்து, தாம் முன்பு பயிற்றிய பெண்கள் அத்தொழிலில் நிலைபெற முடியாது வருந்தியதை எடுத்துக்கூறி, மயக்கமருந்துத் துறைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். இன்று கேட்போர்க்கு இஃது அநீதியாகவே தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. ஆயினும், விப்பிள் வேறொன்றையும் கண்டிருந்தார். மயக்கமருந்துக் கலை வளராதவரை சத்திரசிகிச்சை வளராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதனை வளர்க்கும் ஆற்றல் இப்பெண்ணுக்கு உண்டு எனவும் நம்பினார்.

அக்காலத்தில் மயக்கமருந்து கொடுத்தல் பெரும்பாலும் தாதியரின் வேலை. வைத்தியர் அதனைத் தனிக்கலையாக மதித்திலர். அப்கார் முதலில் அத்தாதியரிடமே கற்றார். 1937இல் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகருக்குச் சென்று, இத்துறையின் முதல்வருள் ஒருவரான றால்ப் வோட்டர்ஸ் என்பாரிடம் ஆறு மாதம் பயின்றார். பெண் வைத்தியர் தங்குதற்கு அங்கு ஒழுங்கான இடமே இல்லை. ஆடவர் கூடும் விருந்துகளுக்கும் அவருக்கு அழைப்பில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு கற்றார். சைக்கிளோபுரொப்பேன் என்னும் வாயுவை மயக்கமருந்தாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இந்த வோட்டர்ஸ் அவர்களே. அவ்வாயுவை நிறைந்த ஒட்சிசனுடன் கலந்து கொடுக்கலாம், இனிய மணமுடையது, நோயாளர் விரைந்து மயங்கி விரைந்து தெளிவர். குருவிடம் கற்ற அம்மருந்தின்மேல் மாணாக்கியாருக்குப் பெருவிருப்பு ஏற்பட்டது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

நியூ யோர்க்கிலே ரோவென்ஸ்ரைன் என்பாரிடமும் ஆறு மாதம் பயின்றபின், 1938இற் கொலம்பியாவுக்கு மீண்டு மயக்கமருந்துப் பிரிவின் தலைவரானார். அவ்வைத்தியசாலையிற் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி அவரே. பதவி பெரிது, ஆளும் பணமும் சிறிது. ஊதியம் குறைந்த அத்தொழிலுக்கு இளைஞர் வர மறுத்தனர். சத்திரவைத்தியர் சிலர் அவரைச் சமமாக மதிக்க மறுத்தனர். யுத்தம் வேறு வந்து இருந்தவரையும் கொண்டுபோயிற்று. இவ்வாறு பதினொரு வருடம் உழைத்து அவர் வளர்த்த பிரிவு 1949இல் தனித்துறையாக உயர்ந்தபோது, தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவரின் இளையவரான இமானுவேல் பப்பர் என்பார்க்குச் சென்றது. அப்காருக்குக் கிடைத்தது பேராசிரியர் பதவி. அக்கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதற் பெண் என்னும் பெயரும் அதனோடு வந்தது. நிர்வாகச் சுமை நீங்கவே, தமக்கு விருப்பமான பிரசவ விடுதிக்கு அவர் திரும்பினார். பதவி கிட்டாமை உலகத்துச் சிசுக்களுக்கு நன்மையாய் முடிந்தது.

சுலோன் மகளிர் வைத்தியசாலையின் பிரசவ அறைகளில் அவர் கண்ட காட்சி அவரை வருத்திற்று. பிள்ளை பிறந்தவுடன் எல்லாருடைய கவனமும் தாயின்மேற் செல்லும். பிள்ளை ஒருபுறத்திற் கிடத்தப்படும். நீலம் பாரித்த பிள்ளை, மிகச் சிறிய பிள்ளை, மூச்சுத் திணறும் பிள்ளை என்பன சிலவேளை பிழையாதவை எனக் கருதப்பட்டு விடப்பட்டன. அமெரிக்காவிற் குழந்தை மரணம் ஆண்டுதோறும் குறைந்துவந்த காலம் அது. ஆயினும், பிறந்த முதல் நாளிலே நிகழும் மரணம் அவ்வாறு குறையவில்லை. தாம் கொடுக்கும் மருந்துக்கும் அம்மரணத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை அறியாமல், மருந்தூட்டும் கை எவ்வாறு நடுங்காதிருக்கும்?

ஒருநாட் காலையுணவு வேளையில், பிறந்த பிள்ளையின் நிலையை மதிப்பிடுவது எங்ஙனம் என மாணாக்கர் ஒருவர் கேட்க, அஃது எளிது என்று கூறி, அருகிற் கிடந்த தாளொன்றிலே ஐந்து குறிகளை எழுதிக்கொண்டு, அவற்றைச் சோதிக்கப் பிரசவ அறைக்கு விரைந்தார் என்பர். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டியபோது முகஞ்சுழித்தல் போன்ற எதிர்வினை, உடலின் நிறம் என்பனவே அவ்வைந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஒன்று, சுன்னம் என மூன்று தரம். இதயம் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் துடித்தால் இரண்டு. நூறுக்குக் குறைந்தால் ஒன்று. துடிப்பே இல்லையெனிற் சுன்னம். உரத்து அழுதால் இரண்டு. மூச்சு மெலிந்தோ ஒழுங்கின்றியோ இருந்தால் ஒன்று. ஏனையவும் இவ்வாறே. மொத்தம் பத்து. பிள்ளை முற்றும் வெளிவந்து சரியாக அறுபது விநாடி கழிந்தவுடன் இதனை எழுதுதல் வேண்டும். கருவி எதுவும் வேண்டா. கண்ணும் செவியும் கையும் கடிகாரமுமே போதும். செல்வநாட்டின் மாளிகை வைத்தியசாலைக்கும் எம் கிராமத்து வைத்தியசாலைக்கும் இம்முறை ஒரே தன்மையாகப் பொருந்தியமைக்குக் காரணம் இவ்வெளிமையே. நிறம் பற்றிய குறியே ஐந்தனுள்ளும் திருப்தி குறைந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளைகளுக்கும் முதல் நிமிடத்திற் கையும் காலும் நீலமாக இருத்தல் இயல்பு.

புள்ளியிடுதல் ஆசிரியராகிய எம் தொழில். ஆதலால், இம்முறையில் ஒன்றை யான் சிறப்பாகக் கவனித்தேன். பிள்ளையைப் பெறுவித்த வைத்தியர் தாமே புள்ளியிடலாகாது, வேறொருவரே இடுதல் வேண்டும் என அப்கார் வற்புறுத்தினார். பெறுவித்தவருக்குப் பிள்ளை எப்போதும் நன்றாகவே தோன்றும் என்பது அவர் அநுபவம். தாம் கற்பித்த மாணாக்கனின் பொதுச்சோதனை விடைத்தாளைத் தாமே திருத்த எந்த ஆசிரியருக்கும் இடமில்லாமை இதனாலன்றோ? உண்மையில் அப்புள்ளி பிள்ளைக்கு இடும் புள்ளியன்று. பிள்ளையைச் சூழ்ந்து நின்றாரின் செயலுக்கு இடும் புள்ளி அது.

1952இல் வைத்தியர் கூட்டமொன்றில் இம்முறையை எடுத்துரைத்த அப்கார், 1953இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1,021 சிசுக்களுக்கு இட்ட புள்ளிகள் அதில் ஆராயப்பட்டிருந்தன. தாய்க்கு எம்மயக்கம் கொடுக்கப்பட்டது என்பதனோடு பிள்ளையின் புள்ளியை ஒப்பிட்டதே அக்கட்டுரையின் உயிர்நிலை. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தவிடத்து, முள்ளந்தண்டில் ஊசியேற்றி இடைக்குக் கீழே விறைக்கச் செய்த தாயரின் பிள்ளைகள், முழு மயக்கம் பெற்ற தாயரின் பிள்ளைகளிலும் தெளிவாக உயர்ந்த புள்ளி பெற்றன. புள்ளிக்கும் உயிருக்குமுள்ள தொடர்பும் வெளிப்பட்டது. பின்னும் பல்லாயிரம் பிள்ளைகளை நோக்கியபோது, மிகத் தாழ்ந்த புள்ளி பெற்றவற்றுள் ஏழில் ஒன்று அளவில் இறந்தமையும், உயர்ந்த புள்ளி பெற்றவற்றுள் ஆயிரத்தில் ஒன்று அளவே இறந்தமையும் தெரியவந்தன.

ஆயினும், புள்ளி ஏன் தாழ்கின்றது என்ற வினா எஞ்சியது. நியூசீலந்திலிருந்து வந்த ஸ்ரான்லி யேம்ஸ் என்னும் குழந்தை வைத்தியரும், குருதியிலுள்ள வாயுக்களை நுண்ணிதாக அளக்க வல்ல டங்கன் ஹொலடே என்பாரும் அப்காருடன் சேர்ந்தனர். கொப்பூழ்க்கொடியின் குருதியை எடுத்து அளந்தபோது, தாழ்ந்த புள்ளி பெற்ற பிள்ளைகளின் குருதியில் ஒட்சிசன் குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருக்கக் கண்டனர். பிறக்கும் பிள்ளைக்கு ஒட்சிசன் குறைவு இயல்பே, அதனால் தீங்கில்லை என அதுவரை நம்பப்பட்டது. அந்நம்பிக்கை சரிந்தது. மூச்செடாத பிள்ளையை உடனே மூச்செடுக்கச் செய்தல் வேண்டும், காத்திருத்தல் தகாது என்பது இவ்வாராய்ச்சியாற் பெற்ற பெரும் பயன்.

இவ்வளவைகளே அவருக்கு ஒரு சோதனையையும் கொணர்ந்தன. தாய்க்குச் சைக்கிளோபுரொப்பேன் கொடுத்த பிரசவங்களிற் பிள்ளைகள் ஏனையவற்றிலும் சோர்ந்து பிறந்தன என்பதை எண்கள் காட்டின. குருவிடம் கற்ற வாயு. இருபது வருடப் பழக்கம். தாய்மார் விரும்பிய மருந்து. ஒட்சிசன் மிகுதியாகச் சேர்வதாற் சிசுவுக்கு மிகப் பாதுகாப்பானதென அவரே கருதிய மருந்து. தம் கொள்கையை விடுதல் அறிஞர் பலருக்கு ஆவியை விடுதலினும் அரிது. எண்களிற் பிழை கண்டுபிடிக்க முயன்றிருக்கலாம். இன்னும் ஆராய வேண்டும் என்று காலம் நீட்டியிருக்கலாம். அப்காரோ பிரசவத்தில் அவ்வாயுவைக் கையாளுதலை உடனே நிறுத்தினார். தமக்கு மிக விருப்பமான வாயு போயிற்றே என வருந்தினாராம், அவ்வளவே. ஆராய்ச்சி வெளியானபின் நாடெங்கும் பிற வைத்தியரும் அதனைக் கைவிட்டனர். அம்மையாரின் வாழ்க்கையிற் புள்ளிமுறையைக் கண்டதினும் இச்செயலே பெரிதென்பது என் கருத்து.

1959இற் கொலம்பியாவை விட்டு நீங்கியபோது, அவர் பங்குகொண்ட பிரசவங்கள் 17,000 வரையில் ஆகும். ஓய்வு பெற்றாரல்லர். ஐம்பதாவது வயதில் மீண்டும் மாணவியாகி, யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பொதுச் சுகாதாரத்தில் மேற்பட்டம் பெற்றார். இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கவென 1938இல் றூஸ்வெல்ற் தோற்றுவித்த தேசிய நிதியம், அந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டபின், பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியிருந்தது. அதன் பிறவிக் குறைபாட்டுப் பிரிவை நடாத்த அப்கார் அழைக்கப்பட்டார். பிறவிக் குறையை வீட்டார் மறைத்து வைத்த காலத்தில், ஊரூராகச் சென்று அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் சின்னமுத்து அமெரிக்காவிற் பரவி, ஏறக்குறைய 20,000 சிசுக்களைக் குறையுடன் பிறக்கச் செய்தபோது, அதற்குத் தடுப்பு மருந்தின் அவசியத்தை எடுத்துரைத்தாருள் அவரும் ஒருவர். பெற்றோர்க்காக 1972இல் இன்னொருவருடன் சேர்ந்து நூலொன்றும் வெளியிட்டார்.

இதற்கிடையே அவர் தந்த ஐந்து குறிகளும் தம் வழியே உலகைச் சுற்றின. முதல் நிமிடத்தோடு ஐந்தாம் நிமிடத்தும் புள்ளியிடுதல் வழக்கமாயிற்று. பன்னிரண்டு நிலையங்களிற் பிறந்த 17,221 சிசுக்களை ஆராய்ந்தோர், ஐந்தாம் நிமிடப் புள்ளியே பிள்ளையின் நிலையை மேலும் நன்கு காட்டுவதென 1964இல் வெளியிட்டனர். டென்வர் நகரத்து வைத்தியர் பட்டர்பீல்ட் என்பார், அப்கார் என்னும் ஆங்கிலப் பெயரின் ஐந்தெழுத்தும் ஐந்து குறிகளுக்கும் முதலெழுத்தாக அமையுமாறு 1962இல் ஒரு சூத்திரம் வகுத்தார். மாணவர்க்கு மனப்பாடம் எளிதாயிற்று. பெயர் சூத்திரத்துள் மறைந்து, பெயருக்குரியார் மறக்கப்பட்டதும் அதனாலேயே.

அவர் மணஞ் செய்திலர். ஆனால் அவர் வாழ்வு வறண்டதன்று. தோட்டம் வைத்தார், முத்திரை சேர்த்தார், ஐம்பது வயதுக்கு மேல் ஆகாயவிமானம் ஓட்டப் பழகினார். கைப்பையிலே சிறு கத்தியும், மூச்சுக்குழாயிற் செலுத்தும் குழலும் எந்நேரமும் இருக்கும். வழியில் எவரேனும் மூச்சடைத்து வீழ்ந்தால் உதவுதற்கு! இசையை அவர் விடவேயில்லை. கார்லீன் ஹச்சின்ஸ் என்னும் ஆசிரியை நோயாளியாக வந்த இடத்திலே நட்பாகி, இசைக்கருவி செய்யும் கலையை அவருக்குக் கற்பித்தார். இருவரும் கூடிய ஒரு செயல் இன்றும் பேசப்படுகின்றது. வைத்தியசாலைத் தொலைபேசிக் கூண்டினுள் இருந்த மேப்பிள் மரத் தட்டு, வியோலாவின் பின்பலகைக்கு மிக உகந்ததென ஹச்சின்ஸ் கண்டுகொண்டார். முறையாகக் கேட்டுப் பயனில்லாமையால், அதே நிறம் பூசிய வேறொரு பலகையுடன் ஓர் இரவு இருவரும் சென்றனர். கொண்டுபோன பலகை சற்றே நீண்டிருந்தது. ஒருவர் பக்கத்து அறையில் அதனை வாளால் அரிய, பேராசிரியர் வாயிலிற் காவல் நின்றாராம். மாணாக்கர் இதனைப் பின்பற்றுதல் வேண்டா. ஆனால் அத்தட்டு வியோலாவாயிற்று.

1974ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆந் திகதி, தாம் கற்றுக் கற்பித்த அதே கொலம்பியா வைத்தியசாலையில், ஈரல் நோயால், தமது 65ஆவது வயதில் அம்மையார் காலமானார்.

அவர் எழுப்பிய வினா அவரோடு அடங்கவில்லை. விடை திருந்தி வந்துகொண்டே இருக்கின்றது. எமது வைத்தியசாலைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் பெதிடீன் ஊசியைப் பிரசவத்துக்குச் சற்று முன் ஏற்றினாற் பிள்ளையின் மூச்சு மந்தமாதல் கூடும். ஆதலால் வேளையறிந்து கொடுத்தல் வேண்டும் என்பதும், அதற்கு மாற்று மருந்து உண்டு என்பதும் தெளிவாயின. முதுகில் நுண்குழல் வைத்துச் சிறிது சிறிதாக மருந்து செலுத்தும் எப்பிடியூரல் முறை பற்றி, 11,000க்கு மேற்பட்ட தாய்மார் பங்குகொண்ட 40 ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய மீளாய்வொன்று 2018இல் வெளிவந்தது. ஐந்தாம் நிமிட அப்கார் புள்ளி தாழ்ந்த பிள்ளைகளின் தொகையில் அம்முறையால் வேறுபாடு காணப்படவில்லை. தாயின் குருதியமுக்கம் இறங்குதல், காய்ச்சல் காணுதல் போன்றவை உண்டாதலால் கண்காணிப்பு மாத்திரம் தளரலாகாது. இம்மருந்து தகும், இது தகாது எனத் தெளிந்து கூறுதற்கு அவ்வாராய்ச்சியாளர் கையிலிருந்த அளவுகோல் அம்மையாரின் ஐந்து குறிகளே. அவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. தாழ்ந்த புள்ளி ஒன்றை மட்டும் கொண்டு பிள்ளையின் பிற்கால அறிவையோ உடல்நலத்தையோ குறி சொல்லலாகாது என 2015இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் கூடி அறிவுறுத்தினர். மாதம் நிரம்பாது பிறந்த சிசு வேறு குறையின்றியும் தாழ்ந்த புள்ளி பெறுதல் கூடும். மூச்சில்லாத பிள்ளைக்கு உதவி செய்யப் புள்ளியிடும்வரை காத்திருத்தலும் கூடாது. ஏட்டிற் புள்ளி குறைந்ததெனக் கண்டு கலங்கும் இளந்தாய்மார் இவற்றை அறிதல் நன்று.

1994ஆம் ஆண்டு ஒக்டோபரில், முத்திரை சேர்த்த அம்மையாரின் உருவந் தாங்கிய 20 சதத் தபால்முத்திரையை அமெரிக்க அரசினர் வெளியிட்டனர். டலஸ் நகரிற் குழந்தை வைத்தியர் கூடிய பேரவையிலே அவ்விழா நடந்தது. வைத்தியர் நால்வர் மேடையேறி, அப்கார் தம் கையாற் செய்த நான்கு இசைக்கருவிகளையும் வாசித்தனர். அவற்றுள் ஒன்று தொலைபேசிக் கூண்டின் பலகையில் அமைந்த அந்த வியோலா.